பீக்கரைக் கழுவிய கை

சாயல்குடிப் பக்கம் ஒரு சேரியில் நம் தோழர்கள் மாலை வகுப்பு நடத்துகிறார்கள். முப்பது பிள்ளைகள் வருகிறார்கள், எல்லாம் ஒன்றிலிருந்து ஐந்து வரை படிப்பவர்கள். போன மாதம் அங்கே ஒரு கூட்டம். பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேச்சு. கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி பை நிறையச் சாமான் கொண்டு வந்திருந்தான். தேங்காய்ச் சிரட்டை, பலூன், காலி பாட்டில், தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப். இதை வைத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தரலாம், புத்தகமே வேண்டாம் என்றான்.

நம்மில் மூத்த தோழர் ஒருவர், இருபது வருசமாய் இயக்கத்தில் இருப்பவர், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "நம்ம சனம் எப்பவும் கையால வேலை செஞ்ச சனம்தான தம்பி. இனியாச்சும் கையைக் கழுவிட்டு உக்காந்து படிக்கட்டுமே. ஊர்ப் பிள்ளை டியூசன்ல கணக்குப் போடுது. நம்ம பிள்ளை சிரட்டையைத் தட்டிக்கிட்டு இருக்கணுமா? விளையாட்டு வேணாம்ப்பா, மார்க் வேணும்."

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. இந்தக் கட்டுரை அவருக்கு நான் சொல்லத் தவறிய பதில்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய சந்தேகம் வெறும் பிடிவாதமில்லை. அதற்கு வரலாறு இருக்கிறது. 1953ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் பாதி நேரம், மிச்ச நேரம் பிள்ளை தகப்பன் தொழிலைப் படிக்க வேண்டும். 'செய்து கற்றல்', 'வாழ்க்கையோடு இணைந்த கல்வி' என்றெல்லாம் அதற்கும் அழகான பெயர் இருந்தது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொன்னார். அந்த ஒரு சொல்லில் திட்டத்தின் துணி அவிழ்ந்தது. 1954ல் ராஜாஜி போனார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவன் பிள்ளைக்குச் செருப்பும் சவரம் செய்பவன் பிள்ளைக்குக் கத்தியும் 'செய்து கற்க'க் கொடுத்தால், பூசை செய்பவன் பிள்ளை எதைச் செய்து கற்கும்? இந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. 2020ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் போய்ப் பழகச் சொல்கிறது. எந்தப் பிள்ளைக்கு அது பத்து நாள் சுற்றுலா, எந்தப் பிள்ளைக்கு அது வீட்டுக்குத் திரும்பும் பாதை என்று அது சொல்லவில்லை.

ஆகவே 'கையால் கற்பது' என்று யாராவது சொன்னால் நம் ஆட்களுக்கு முதுகு சிலிர்க்கிறது. சிலிர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் தோழர், கை என்பது ஒன்றே ஒன்றா?

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஆய்வகம் என்று ஓர் அறை இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் முதல் முறை உள்ளே போனோம். மேசையைச் சுற்றி முன் வரிசையில் நின்றவர்கள் யார், பின்னால் நின்றவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சார் அமிலத்தை ஊற்றினார், ஏதோ நுரைத்தது, எங்களுக்கு எட்டிப் பார்க்க மட்டும் வாய்த்தது. கையை நீட்டினேன். "நீ தொடாதே, உடைஞ்சிரும்." வகுப்பு முடிந்ததும் அதே சார் பின்வரிசையைக் கூப்பிட்டார். "வாங்கடா, இதையெல்லாம் கழுவி வைங்க." நானும் இன்னும் மூன்று பேரும் கழுவினோம். ஒன்றுகூட உடையவில்லை. வருசம் பூராவும் கழுவினோம்.

பீக்கரைக் கழுவ என் கை வேண்டும், பீக்கரில் அளக்க என் கை வேண்டாம். சாதி என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

என் ஐயா கரி மூட்டம் போடுகிறவர். கூலிக்குத்தான். எங்கள் பக்கம் சீமைக் கருவேலம் தவிர வேறென்ன இருக்கிறது? வெட்டி, அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் பூசி, தீ வைத்துவிட்டு நாள் கணக்கில் காவல் கிடப்பார். ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பார். எங்கேயாவது வெடிப்பு விட்டால் ஓடிப்போய் மண் அப்புவார். காத்து உள்ளே போனால் கரி சாம்பலாய்ப் போகும் என்பது அவருக்குத் தெரியும். முதலில் வெள்ளைப் புகை வரும், அது மரத்தில் இருக்கிற தண்ணி என்பார். புகை மெலிந்து நீலம் தட்டினால் வெந்துவிட்டது என்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பத்தாம் வகுப்பில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. சிதைத்து வடித்தல் என்றால் என்ன? 'காற்றில்லாச் சூழலில் ஒரு பொருளை வெப்பப்படுத்தி...' என்று நெட்டுருப் போட்டதை எழுதினேன். முழு மார்க். அதுதான் என் ஐயா மேலெல்லாம் கரியாய்ச் செய்துகொண்டிருந்த வேலை என்று எனக்குத் தெரியாது. எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. எத்தனையோ வருசம் கழித்து, வங்கியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஊருக்குப் போனபோது மூட்டத்துப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மண்டையில் அடித்தது. இது அதுவல்லவா!

மூத்த தோழர் சொல்லும் மார்க் என்னிடம் இருந்தது. ஐயாவிடம் அறிவு இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே கஞ்சியைக் குடித்துக்கொண்டு ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன. பார்ப்பனியத்தின் வெற்றி இதில்தான் இருக்கிறது. நம்மைப் படிக்கவிடாமல் வைத்தது பழைய வெற்றி. படித்த பிறகும் நம் கையை நம் தலையிலிருந்து பிரித்து வைத்திருப்பது புதிய வெற்றி. செய்கிறவன் கேட்கக் கூடாது, கேட்கிறவன் செய்ய மாட்டான்.

குலக்கல்விக்கும் நான் கேட்கிற கல்விக்கும் வித்தியாசம் இங்கேதான். குலக்கல்வி, "உன் அப்பன் செய்ததைச் செய்" என்கிறது. அறிவியல், "உன் அப்பன் செய்தது ஏன் அப்படி நடக்கிறது என்று கேள், யாரிடம் வேண்டுமானாலும் கேள், பதிலைச் சோதித்துப் பார், பிறகு நீ என்னவாக வேண்டுமோ அதுவாகப் போ" என்கிறது. முதல் கை கட்டளைக்குக் காத்திருக்கிற கை. இரண்டாவது கை கேள்வி கேட்கிற கை.

இந்தக் கடற்கரையிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. அப்துல் கலாம் 1931ல் ராமேசுவரத்தில் பிறந்தவர். அவருடைய அரசியலோடும் அணுகுண்டோடும் நமக்குச் சண்டை உண்டு, அது கிடக்கட்டும். அவர் மேடைதோறும் சொன்ன கதை ஒன்று. ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்கிற ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். புரிந்ததா என்றார். பையன் கலாம் புரியவில்லை என்றான். நிறையப் பிள்ளைகள் அதையே சொன்னார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. சாயந்திரம் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கடற்பறவைகள் சிறகடித்து ஏறுவதையும் வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் காட்டினார். அன்றைக்குத்தான் தன் வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்று தீர்மானமானதாகக் கலாம் சொல்லுவார். அந்த வகுப்புக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை, காசும் செலவாகவில்லை. "புரியவில்லை" என்று சொன்ன பிள்ளையை அடிக்காத ஒரு வாத்தியார் இருந்தார், அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கதையைப் பள்ளி ஆண்டு விழாக்களில் சொல்கிறவர்கள் அதே ஆசிரியரைப் பற்றிய இன்னொரு கதையைப் பாதி விழுங்கிவிடுகிறார்கள். அதுவும் கலாமின் சுயசரிதையிலேயே இருக்கிறது. அதே சிவசுப்பிரமணிய ஐயர் ஒருநாள் கலாமைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு முஸ்லிம் பையனுக்குத் தன் ஆசாரமான சமையலறையில் சோறு போட மாட்டேன் என்று அவர் மனைவி மறுத்தார். ஆசிரியர் தானே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் கூப்பிட்டார். அந்தத் தடவை அந்த அம்மாவே அடுக்களைக்குள் கூட்டிப்போய்ப் பரிமாறினார்.

எனக்கு இந்த இரண்டும் ஒரே பாடம். கடற்கரையில் பறவையைக் காட்டிவிட்டு வீட்டில் தீட்டுப் பார்த்திருந்தால் அந்த வாத்தியார் பறவையைப் பற்றிச் சொன்னதும் பொய்யாகியிருக்கும். கண்ணால் பார்த்ததை நம்பு என்று பிள்ளைக்குச் சொல்கிறவன், கண்ணுக்குத் தெரியாத தீட்டைத் தான் நம்பிக்கொண்டிருக்க முடியாது. அந்த வகுப்பில் நம் சேரிப் பிள்ளை யாராவது உட்கார்ந்திருந்ததா என்று அந்தக் கதை சொல்லவில்லை. அந்த இடத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

பாபாசாகேப் உட்கார்ந்த இடம் நமக்குத் தெரியும். வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச்சாக்கு. தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்தால்தான் தாகம் தீரும். அவர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது ஆசிரியர் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் பதறி ஓடினார்கள். பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. தீட்டுப்பட்டுவிடுமாம். கணக்குத் தெரியுமா என்பதல்ல அங்கே பிரச்சினை, எழுதப் போகிற கைதான்.

இதை நினைக்கும்போது நம் மாநிலத்தில் நடந்த ஒரு காரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அட்டைகள், ஏணிப்படிகள், குழுக்கள். எனக்குப் பிடித்தது வேறு. சுவரின் அடிப்பாகத்தில், பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை கட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓர் இடம். வாத்தியார் நாற்காலியை விட்டுப் பாயில் வந்து உட்கார வேண்டும். சாப்பாட்டு டப்பாவை ஒளித்து வைக்க அந்தப் பலகைக்குப் பின்னால் இடமில்லை. குறைகள் இருந்தன. அட்டையைப் புரட்டுவதே படிப்பாகிப் போன வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். "பிள்ளை வெளையாடுது, எழுத்துத் தெரியல" என்று தாய்மார் சொன்னதும் பொய்யில்லை. இன்னொன்றும் உண்டு. அரசுப் பள்ளிக்கு மட்டும் அட்டை, வசதியுள்ளவர் பிள்ளைக்குக் கான்வென்ட் என்றால் எந்த நல்ல முறையும் ஏழைக்குப் போட்ட மிச்சமாகத்தான் தெரியும்.

வடக்கே ஹோசங்காபாத்தில் 1972ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, தாங்களே எழுதி, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினார்கள். முப்பது வருசத்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. 2002ல் மத்தியப் பிரதேச அரசு அதை மூடியது. வால்வு டியூப்பும் தீக்குச்சியும் வைத்து உருவங்கள் செய்யும் வித்தையை அர்விந்த் குப்தா அங்கேதான் கண்டுபிடித்தார். தம்பி பையில் கொண்டுவந்த சாமானின் ஊர் அதுதான். நம் ஊரில் 1987லிருந்து துளிர் இதழ் வருகிறது, அறிவியல் இயக்கத் தோழர்கள் ஊர் ஊராய்ப் போயிருக்கிறார்கள். 2022 நவம்பரில் அரசு வானவில் மன்றம் தொடங்கியது, அதுவும் திருச்சி காட்டூரில் ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் வைத்து. நல்லது. ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்துதான். பிள்ளை "ஏன், ஏன்" என்று பிராணனை வாங்குகிற வயசு அதற்கு முந்தி. ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் நம் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடுகிறது. யாரோ அதட்டி நிறுத்திவிடுகிறார்கள்.

மார்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வங்கி நாற்காலியை எனக்குக் கொடுத்தது மார்க்தான். அந்த நாற்காலியில் இருந்துதான் இதையும் பார்க்கிறேன். உப்பளத்தில் வேலை செய்கிற பொம்பளைகள் பணம் எடுக்க வருவார்கள். மெஷினில் விரலை வைக்கச் சொல்வேன். ஏற்காது. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வேன். ஏற்காது. உப்பு ரேகையைத் தின்றுவிட்டது. "என் கையை எனக்கே இல்லேங்குதே சாமி இந்தப் பெட்டி" என்று ஓர் ஆத்தா சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. என் ஆத்தாளும் உப்பளத்துக்காரிதான்.

அந்தக் கைக்கு என்ன தெரியும் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டினால் என்ன? ஒரு லிட்டர் கடல் தண்ணியை எடுத்து, பாதியை அகலமான தாம்பாளத்தில் ஊற்று, பாதியை ஒடுக்கமான டப்பாவில் ஊற்று, வெயிலில் வை. எது முதலில் வற்றும் என்று பிள்ளைகளைப் பந்தயம் கட்டச் சொல். பாத்தியை ஏன் ஆழமில்லாமல் அகலமாய்க் கட்டுகிறார்கள் என்று பிள்ளையே சொல்லிவிடும். வற்றியதும் இரண்டிலும் உள்ள உப்பைச் சேர்த்து எடை போடு. சுமார் முப்பத்தைந்து கிராம் நிற்கும். ஆத்தா ஒரு கூடை சுமந்தால் எத்தனை லிட்டர் கடலைச் சுமக்கிறாள்? கணக்குப் போடச் சொல். அப்புறம் அந்தக் கூடைக்கு அவளுக்கு என்ன கூலி என்றும் கணக்குப் போடச் சொல். மூத்த தோழர் கேட்ட கணக்கு இதில் இல்லையா? டியூசனில் போடாத கணக்குகூட இருக்கிறதே.

இன்னொன்று. ஊர்க் கிணற்றுத் தண்ணி ஒரு பாட்டில், சேரிக் குழாய்த் தண்ணி ஒரு பாட்டில். பெயர் எழுதாதே, ஒன்று, இரண்டு என்று எண் போடு. கண்ணாடித் துண்டில் ஒவ்வொரு சொட்டு விட்டுக் காயவை. எங்கள் சீமையில் இரண்டிலும் வெள்ளையாய்ப் படியும், உப்புத் தண்ணிதானே. எதில் கூட, எதில் குறைய என்று பார்க்கலாம். அப்புறம் கேள்: இதில் எது தீட்டு? உலகத்தில் எந்தக் கண்ணாடியும் எந்தக் கரைசலும் அதைக் காட்டித் தராது. எட்டு வயசில் தன் கையால் இதைப் பார்த்த பிள்ளையிடம் பிறகு யாரும் தீட்டைப் பற்றிப் பேசி ஏய்க்க முடியாது.

வேங்கைவயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் நம் சனம் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. அதற்குப் பிறகு அங்கேயும் அறிவியல் வந்தது. எப்படி வந்தது? மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடு என்று பாதிக்கப்பட்டவர்களிடமே வந்து நின்றது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் அதே தலித் சமூகத்து மூன்று பேரின் பெயர்தான் இருந்தது. சோதனைக் குழாய் யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விசயமில்லை. நாம் சோதிக்கிறவர்களாக இல்லையென்றால் சோதிக்கப்படுகிறவர்களாக மட்டுமே இருப்போம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாதி புத்திசாலி. 'செயல்வழி'க்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஒலி பற்றிய பாடத்துக்கு, "டேய், உங்க வீட்ல பறை இருக்குமே, எடுத்துட்டு வா" என்று நம் பிள்ளையை மட்டும் எழுப்பி நிறுத்துகிற வாத்தியார் அறிவியல் நடத்தவில்லை, சாதிக் கணக்கெடுக்கிறார். பறையைத் தீயில் காட்டினால் தோல் இறுகும், சத்தம் ஏறும் என்பது அருமையான பாடம். அதை எல்லாப் பிள்ளையும் தொட்டு, எல்லாப் பிள்ளையும் அடித்துப் படிக்கட்டும். இல்லையென்றால் சிரட்டையில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே நாலு மணலைப் போட்டுத் தட்டுங்கள், அதிலும் அதே பாடம் இருக்கிறது. வகுப்பு முடிந்து கூட்டுகிறதும் கழுவுகிறதும் முறை வைத்து எல்லார் கைக்கும் வரட்டும். நம் பிள்ளைகள் மட்டும் கழிவறை கழுவுகிற பள்ளியில் எத்தனை அறிவியல் கண்காட்சி நடத்தினாலும் அது மோசடி.

ஆகவே தோழர்களிடமும் படிக்கிற தம்பி தங்கைகளிடமும் கேட்பது இவ்வளவுதான். மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் வாரத்தில் ஒருநாள் சோதனைக்கு வையுங்கள், மற்ற நாளில் கணக்கும் எழுத்தும் நடக்கட்டும். அந்த ஒருநாள் உப்பளத்து ஆத்தாளையோ மூட்டம் போடுகிறவரையோ, நீவாடு பார்த்துக் கடலுக்குப் போகிறவரையோ வகுப்புக்கு அழைத்து வந்து, நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பிள்ளைகள் அவர்களைக் கேள்வி கேட்கட்டும். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் போக அறிவியலுக்கு என்ன சாமான் வந்தது, அது அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. நம் ஆட்கள் அதில் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மாலை வகுப்புக்கு மறுபடி போனேன். தம்பி ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் சுள்ளிகளைப் போட்டு மூடி, மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு, பெரியவர்களை வைத்துக்கொண்டு அடுப்பில் ஏற்றினான். ஓட்டை வழியே வெள்ளைப் புகை வந்தது. ஆறவிட்டுத் திறந்தபோது சுள்ளி சுள்ளியாகவே கரியாயிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, வீட்டு அடுப்புல போட்டா சாம்பலாகுது. இதுக்குள்ள மட்டும் ஏன் சாம்பலாகல?"

தம்பி வாயைத் திறந்தான். பின்னால் நின்றுகொண்டிருந்த மூத்த தோழர் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"இரு. அதுகளே சொல்லட்டும்" என்றார்.